கட்டிலை எண்ணுமுன் கதவை எண்ணுங்கள்

கேள்வி: பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த 18 ஆண்கள் வேலை செய்கிறார்கள். 13 பேர் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) 1,800 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்கு எடுத்த இரட்டை மாடித் தெரஸ் வீட்டிலும், 5 பேர் கடையின் மேல்மாடியிலும் தங்குகிறார்கள். வீட்டில் மூன்று அறைகள் (12க்கு 14 அடி, 10க்கு 12, 10க்கு 10), இரண்டு குளியலறைகள். இடம் போதாததால் கூடத்தைப் பிளைவுட் பலகையால் பிரித்து நான்கு பேரை அதில் போட்டிருக்கிறேன். தலைக்கு மாதம் 150 வெள்ளி சம்பளத்தில் பிடிக்கிறேன். ஓடிப்போய்விடக் கூடாது என்று இரவில் மேற்பார்வையாளர் வெளிக் கிரில்லைப் பூட்டி வைப்பார். பாஸ்போர்ட்டுகள் கடை லாச்சியில் (இழுப்பறையில்) பத்திரமாக இருக்கின்றன. போன வாரம் தொழிலாளர் துறை அதிகாரி வந்து எல்லாவற்றையும் அளந்து, படமெடுத்து, தங்குமிடச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அறைக்கு ஏர்கோன்கூடப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஊரில் இவர்கள் இதைவிடச் சின்ன வீட்டில்தான் இருந்தார்கள். எதிலிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்:

கிரில்லிலிருந்து தொடங்குங்கள். இன்றிரவே. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம், இதற்கு ஒரு நாள்கூட இல்லை.

தெரஸ் வீட்டில் தீப்பிடித்தால் உயிரை எடுப்பது பெரும்பாலும் நெருப்பல்ல, புகை. கீழே சமையலறையிலோ கூடத்திலோ பற்றினால் மாடிப்படி வழியாகப் புகை மேலே ஏற இரண்டு மூன்று நிமிடம் போதும். மேலே தூங்குகிறவர் எழுந்து, இறங்கி, கதவைத் திறக்க வேண்டிய நேரமும் அதுதான். அந்த நேரத்தில் சாவி மேற்பார்வையாளரின் தலையணைக்கடியில் இருந்தால் கதை முடிந்தது. வெளிக் கிரில்லுக்கும் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் உள்பக்கம் சாவியில்லாமல் கையால் திருகித் திறக்கும் பூட்டைப் போடுங்கள். வெளியிலிருந்து வருபவருக்குச் சாவி வேண்டும், உள்ளிருந்து போகிறவருக்கு வேண்டாம். மாடி அறை ஒவ்வொன்றிலும் ஒரு சன்னல் கிரில்லை வெட்டி, உள்ளிருந்து திறக்கும் சிறு கதவாக மாற்றச் சொல்லுங்கள். இரண்டடிக்கு இரண்டரையடி இருந்தால் ஒரு ஆள் உடம்பு நுழையும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். கிரில் பட்டறைக்காரருக்கு இது அரை நாள் வேலை.

பூட்டுவதற்கு நீங்கள் சொல்லும் காரணம் வேறொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. நடமாட்டத்தைத் தடுப்பதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு அடையாளமாகச் சொல்லும் 11 குறிகளில் இரண்டு. மோசமான வாழ்விடம் இன்னொன்று. 2023 ஜனவரி 1 முதல் நம் மலேசிய வேலைச் சட்டத்திலேயே கட்டாய உழைப்பு தனிக் குற்றம். தண்டனை 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று நல்லெண்ணத்தில் வைத்தேன் என்பது எந்த அதிகாரியும் பலமுறை கேட்ட பதில். நாளைக்கே 18 பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். பெர்மிட் புதுப்பிக்கும்போது மட்டும் ரசீது எழுதிக் கொடுத்து வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பித் தாருங்கள். ஓடிப்போகிறார்கள் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் ஆள் ஓடுவது சம்பளம், ஏஜெண்ட் கடன், ஓய்வு நாள், தூங்குமிடம் இவற்றால். பூட்டு அதில் எதையும் மாற்றுவதில்லை.

பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் அவர்கள் எங்கே வைப்பார்கள் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஊழியர் தங்குமிட விதியிலேயே பூட்டுப் பெட்டி இருக்கிறது. ஆளுக்கொன்று, 0.35 மீட்டர் நீளம், 0.35 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல். இரும்பு லாக்கராக வாங்குங்கள். பலகைப் பெட்டியில் மூட்டைப்பூச்சி குடியேறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி அளவுக்கு வருவோம். நீங்கள் கேள்விப்படாத அந்தச் சான்றிதழைக் கேட்பது ஊழியர் தங்குமிடத்தின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 446ஆவது சட்டம், 1990இல் வந்தது. முதலில் அது தோட்டத்துக்கும் சுரங்கத்துக்குமானது. லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். 2019இல் திருத்தி, 2020 ஜூன் 1 முதல் தங்குமிடம் கொடுக்கும் எல்லாத் துறை முதலாளிகளுக்கும் பொருந்தும்படி செய்தார்கள். கடை, பட்டறை, தொழிற்சாலை எதுவும் விலக்கல்ல. உங்களுடையதைப் போன்ற சாதாரண வீட்டில் படுக்கையறைப் பரப்பு ஆளுக்கு 3.6 சதுர மீட்டர், ஏறக்குறைய 39 சதுர அடி. குளியலறையும் கழிவறையும் ஆறு பேருக்கு ஒன்று. (பெரிய கூடமாகப் பலர் படுக்கும் விடுதிக்குக் கணக்கு வேறு: ஆளுக்கு 3 சதுர மீட்டர், 15 பேருக்கு ஒரு கழிவறை. அந்தக் கணக்கை எடுத்துவந்து தெரஸ் வீட்டுக்குப் போடச் சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.)

உங்கள் வீட்டை இப்போது அளந்து பார்ப்போம். 12க்கு 14 அடி அறை 15.6 சதுர மீட்டர்: நான்கு பேர். 10க்கு 12 அடி அறை 11.1 சதுர மீட்டர்: மூன்று பேர். 10க்கு 10 அடி அறை 9.3 சதுர மீட்டர், 3.6ஆல் வகுத்தால் 2.58. இதைத்தான் எல்லோரும் மூன்று என்று முழுதாக்கிக்கொள்வார்கள். கூடாது. இரண்டு பேர்தான். ஆக மொத்தம் 9. குளியலறைக் கணக்கில் 12 வரை போகலாம், ஆனால் இரண்டில் எது சின்னதோ அதுதான் வீட்டின் கொள்ளளவு. உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வீடு விற்பனைப் படிவத்தில் போட்டிருக்கும் அளவு சுவர்க் கனத்தையும் சேர்த்ததாக இருக்கலாம், அதை நம்பி விண்ணப்பித்தால் ஆய்வன்று ஒரு ஆள் குறைந்துவிடும்.

குளியலறை இரண்டு என்றாலும் அவை எங்கே இருக்கின்றன என்பதைப் பாருங்கள். இந்த மாதிரி வீடுகளில் ஒன்று பெரிய அறைக்குள்ளேயே இருக்கும், மற்றது கீழே சமையலறைப் பக்கம். இரவு 1 மணிக்குக் கடை சாத்திவிட்டு வந்து படுத்தவரின் தலைமாட்டைத் தாண்டி அதிகாலைக்காரர் குளிக்கப் போவார். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். அறையை நட்புக்கும் ஊருக்கும் பார்த்துப் பிரிக்காமல் வேலை நேரத்தைப் பார்த்துப் பிரியுங்கள். பெரிய அறையில் ஒரே நேரத்துக்காரர் நால்வர், அவர்களுக்கு உள்குளியலறை. மற்ற ஐவருக்குக் கீழே உள்ளது. பகலில் தூங்குகிறவர் அறைக்குக் கெட்டியான திரைச்சீலை போட்டுக் கொடுங்கள்.

கூடத்துப் பிளைவுட் தடுப்பு போய்த்தான் ஆக வேண்டும். ஊழியர்கள் உட்காரவும் சாப்பிடவும் ஓர் இடம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடமாக இருக்கலாம், படுக்கையறையாக மாறக் கூடாது. தடுப்புக்குப் பின்னால் உள்ள பகுதிக்குச் சன்னல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலும் இருக்காது. 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டட உபவிதிகளின்படி வசிக்கும் அறைக்குச் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காடு இருக்க வேண்டும், காற்று தடையின்றிப் போகத் தரைப்பரப்பில் 5 விழுக்காடு அளவாவது திறக்க வேண்டும். ஏர்கோன் அதற்கு ஈடல்ல. சுவரில் தொங்கும் சாதாரண ஏர்கோன் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ஏர்கோன் போட்டதும் குளிர் போகக் கூடாதென்று சன்னலை அட்டையால் அடைத்துவிடுவார்கள். ஈரத்துணியும் அதே அறையில் காயும். சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படரும். ஒருவருக்குக் காசநோய் இருந்தால் அந்த அறையில் படுப்பவர் எல்லோருக்கும் அது பரவ வாய்ப்புக் கொடுத்தாயிற்று. 2020 நவம்பரில் கிள்ளான் வட்டாரத்துக் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் கோவிட் எப்படிப் பரவியது என்பதை நாடே பார்த்தது. ஏர்கோனைக் கழற்ற வேண்டாம். சன்னலைத் திறந்துவிடுங்கள், மின்விசிறி போடுங்கள், துணி காயப் பின்கட்டில் தகரக் கூரை வேய்ந்து கொடி கட்டுங்கள்.

பிளைவுட் தடுப்பில் இன்னொன்று: பலகை எரியும், அதன்மேல் ஓடும் ஒயரும் எரியும். கூடத்தில் படுக்கும் நான்கு பேருக்கு ஃபோன் சார்ஜ் போட ஒரே எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் எடுத்திருப்பார்கள். ஒரு 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். ஃபோன் சார்ஜர்களால் ஆபத்து வராது. ஆனால் அதே தொடரில் கெட்டிலும் ரைஸ் குக்கரும் இஸ்திரிப்பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடினால் எல்லை தாண்டிவிடும். மலிவான எக்ஸ்டென்ஷன் ஒயர் அதற்கும் முன்பே சூடேறும். சுருட்டி மெத்தைக்கடியில் தள்ளியிருந்தால் இன்னும் வேகமாக. பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்: கை வைக்க முடியாத சூடோ, பழுப்பு நிறமோ இருந்தால் உடனே கழற்றிப் போடுங்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் சுவரில் நிரந்தர சாக்கெட் போட, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். வந்தவர் மின்கசிவுத் தடுப்பு சுவிட்சையும் பார்க்கட்டும்: சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர், குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தியும் சுவிட்ச் விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். கேஸ் தோம்பு சமையலறைக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்து நிற்கட்டும். பேட்டரியில் ஓடும் புகை எச்சரிப்பானை மாடிப்படி உச்சியிலும் ஒவ்வொரு அறையிலும் மாட்டுங்கள், கீழே ஒரு தீயணைப்பான் வையுங்கள்.

கடை மேல்மாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: அந்த ஐந்து பேரையும் இறக்கிவிடுங்கள். சரிசெய்யப் பார்க்காதீர்கள். கீழே நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி, புகைபோக்கிக் குழாய்க்குள் படிந்த கொழுப்பு, கேஸ் தோம்புகள், மேலே தூங்குகிறவர்கள், நடுவில் ஒரே மரப்படி. கடைவீடு வணிகக் கட்டடம் வேறு. அதில் ஆள் தங்க வைப்பதற்குப் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்ற கேள்வி முதலிலேயே எழும். தனி வெளிவழிப் படிக்கட்டு, தீ தாங்கும் தரை, அதற்கு வரைபடம் என்று இறங்கினால் செலவுக்கு எல்லை இருக்காது.

ஆக, 9 பேர் வீட்டில், 9 பேருக்கு இன்னொரு வீடு. வேறு வழியில்லை. பெருநிலத்தில் ஜூரு, புக்கிட் மின்யாக் பக்கம் தொழிலாளர்களுக்கென்றே கட்டிய பெரிய விடுதிகள் இருக்கின்றன. அங்குள்ள பிறை வட்டாரத் தொழிற்சாலைக்காரருக்கு அவை நல்ல தீர்வு. இரவு 1 மணிக்கு வேலை முடியும் ஜெலுத்தோங் கடைக்கு அல்ல. பாலம் தாண்டிப் போய்த் திரும்புவதிலேயே தூக்கம் போய்விடும். நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். இரண்டாவது வீடு தேடும்போது அறை எத்தனை என்று கேட்காமல் குளியலறை எத்தனை, பின்கதவு எங்கே திறக்கிறது என்று கேளுங்கள். அடுக்குமாடி என்றால் நிர்வாகக் குழு ஊழியர் தங்கலை ஒப்புக்கொள்கிறதா என்று முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ‘ஊழியர் தங்குமிடம், 9 பேர்’ என்றே எழுதச் சொல்லுங்கள். மழுப்பலாக எழுதிய ஒப்பந்தம் அண்டை வீட்டார் புகார் செய்யும் முதல் நாளிலேயே கைகொடுக்காமல் போகும்.

இப்போது பணம். தலைக்கு 150 வீதம் 18 பேருக்கு 2,700 வெள்ளி. வீட்டு வாடகை 1,800. மின்சாரம், தண்ணீர் கழித்தாலும் கையில் ஏதோ நிற்கிறது. நீங்கள் அதை லாபமாக நினைத்திருக்க மாட்டீர்கள், ஆனால் அதிகாரி அப்படித்தான் படிப்பார். தங்குமிடத்துக்கு வாங்கக்கூடிய உச்சவரம்பு ஆளுக்கு மாதம் 100 வெள்ளி. அந்த 100-ஐச் சம்பளத்தில் பிடிக்கவும் வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்கீழ் தொழிலாளர் துறையின் முன் அனுமதி வேண்டும். ‘வீடு 100, கரண்ட் 50’ என்று பில்லைப் பிரிக்கும் யோசனையை யாராவது சொன்னால் தள்ளிவிடுங்கள். அதிகாரிகள் பார்க்காத வித்தை அல்ல அது. இந்த மாதத்திலிருந்து பிடித்தத்தை நிறுத்துங்கள். கூடுதலாகப் பிடித்ததைச் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டித் திருப்பிக் கொடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆன பிறகு உங்கள் வரவுசெலவு இறுகியிருக்கும், தெரிகிறது. அதற்காக வாடகையைச் சம்பளத்திலிருந்து மீட்க நினைத்தால் இரண்டு சட்டங்களில் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கட்டில் வாங்கும்போது ஒன்று இரண்டு கவனியுங்கள். ஆளுக்கொரு கட்டில், பரப்பு 1.7 சதுர மீட்டருக்குக் குறையாமல், மெத்தை 4 அங்குலக் கனம், தலையணை, போர்வை. இரவுக்காரரும் பகல்காரரும் மாறி மாறி ஒரே கட்டிலில் படுக்கும் ஏற்பாடு இருந்தால் இன்றோடு முடிக்க வேண்டும். இரண்டடுக்குக் கட்டிலானால் கட்டில்களுக்கிடையே 0.7 மீட்டர் இடைவெளி. மேலுக்கும் கீழுக்கும் நடுவிலும், பக்கத்துக் கட்டிலுக்கும் இதே அளவை விட்டுவைத்தால் ஆய்வில் வாதமே வராது. இரண்டடுக்குப் போட்டால் ஆள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், 3.6 சதுர மீட்டர் தரைப்பரப்புக்கு, கட்டிலின் மாடிக்கு அல்ல.

மூட்டைப்பூச்சி இருந்தால் புது மெத்தை வாங்குமுன் அதை ஒழியுங்கள். மெத்தை ஓரத் தையலைப் பிரித்துப் பாருங்கள்: மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளி, உரித்த தோல், பழுப்புக் கறை. மளிகைக் கடை ஸ்பிரே பெரும்பாலும் பயன்படாது. அந்த வகை மருந்துக்கு மூட்டைப்பூச்சிகள் பழகிவிட்டன, அடித்தால் பக்கத்து அறைக்குச் சிதறி ஓடும். துணி, போர்வை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, சூடான டிரையரில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளை ஒரு முறை கூப்பிட்டால் முட்டைகள் தப்பிவிடும். இரண்டு வாரம் கழித்து இரண்டாம் முறை வருவதையும் சேர்த்தே விலை பேசுங்கள். எல்லா அறையும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.

தண்ணீர்: 2024 ஜனவரியில் பினாங்கில் நான்கு நாள் குழாய் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். 9 பேருக்கு ஆளுக்கு 150 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கே 1,350 லிட்டர், ஏறக்குறைய 300 கேலன் தொட்டி. நிரம்பினால் அது ஒன்றேகால் டன்னுக்கு மேல் எடை. பழைய கூரைச் சட்டத்தில் ஏற்றிவிடாதீர்கள். தரையில் வைத்துப் பம்ப் போடுங்கள். குளியலறைத் தோம்புகளை வாரம் ஒருமுறை கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

சான்றிதழ் விண்ணப்பம் கடைசியில் வருகிறது, ஏனென்றால் மேற்சொன்னவை முடியாமல் விண்ணப்பித்துப் பயனில்லை. தீபகற்ப மலேசியத் தொழிலாளர் துறையிடம், ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் தங்க வைப்பதற்கு அபராதம் 50,000 வெள்ளி வரை. வாடகை ஒப்பந்தம், அறைவாரியாக அளவு குறித்த தரைப்படம், எந்த அறையில் யார் என்ற பெயர்ப்பட்டியல், படங்கள் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். படத்தில் கட்டில், லாக்கர், சன்னல் மூன்றும் ஒரே சட்டகத்தில் தெரியட்டும். கதவுப் பூட்டை உள்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுங்கள்.

அதிகாரி கடிதம் கொடுத்திருந்தால் பதில் போடாமல் இருக்காதீர்கள். என்ன செய்துவிட்டீர்கள், எது எந்தத் தேதிக்குள் முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒயர்மேன் ரசீது, கிரில் பட்டறை ரசீது, பாஸ்போர்ட் திருப்பிக் கொடுத்த கையெழுத்துத் தாள் ஆகியவற்றின் நகலை இணைத்து அனுப்புங்கள். ஊழியர்களையும் கூப்பிட்டு என்ன மாறப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். மனிதவள அமைச்சின் ‘வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ செயலியில் ஃபோனிலிருந்தே புகார் செய்யலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியும். போன வார ஆய்வு எப்படி வந்தது என்று யாரையும் விசாரிக்கப் போக வேண்டாம். ஊரில் சின்ன வீடு என்ற பேச்சையும் அதிகாரியிடம் எடுக்காதீர்கள். அங்கே அது அவர்கள் வீடு. இங்கே சான்றிதழில் இருக்கப்போவது உங்கள் பெயர்.